ஜீப்பில் பாண்டிச்செல்வியின் இடம்

போன வாரம் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நம் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காபி ஆறுவதற்குள் ஒருவர் சொன்னார்: "இந்த ஊர்ல பேரன்ட்ஸுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல மேடம். மீட்டிங் போட்டா ஒருத்தரும் எட்டிப் பாக்குறதில்ல." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களைத் திட்டக் கூடாது என்பதற்காக முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கூட்டம் போடுவது வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் நம் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்துச் சரிவில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். விடியும் முன்னே ஜீப்பில் ஏறினால் இருட்டுகிற நேரத்தில்தான் இறங்குவார்கள். அவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் பறந்துதான் வர வேண்டும். கூட்டம் போடத் தெரியாதவர்கள் நாம், பழி அவர்களுக்கா?

நம் பள்ளியே ஏலக்காயால் வந்தது. ஒரு வியாபாரி காலியாகக் கிடந்த தன் சரக்குக் கிட்டங்கியை ஒதுக்கிக் கொடுத்து, அதில் தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்தது. மழை பெய்தால் பழைய ஏழாம் வகுப்பு அறைச் சுவரில் இன்னும் காய் வாசம் வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நானும் பல வருஷம் மூக்கைச் சுவரில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்பு வாசம்தான் வந்தது. பிறகு எட்டாம் வகுப்பு வரை ஆனது, பிறகு உயர்நிலைப் பள்ளி ஆனது. ராசிங்காபுரத்திலிருந்தும் பொட்டிபுரத்திலிருந்தும் பஸ்ஸில் வருகிற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும், மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு முன்னால் தலைமையாசிரியராக இருந்தவர், மலையைப் பார்த்துக் கால அட்டவணை போட்டவர். மழை மாதங்களில் கணக்குப் பாடத்தைக் கடைசிப் பீரியடில் வைக்கவே மாட்டார். மலையில் மேகம் இறங்கிவிட்டால் பிள்ளைகளின் கண் கரும்பலகையில் இருக்காது, ஜன்னலில் இருக்கும். மூடுபனியில் ஜீப்பு ஒழுங்காக வளைவு திரும்புமா, அம்மா வீடு வந்து சேர்வாளா என்பதுதான் அவர்கள் கவலை. "அந்த நேரத்துல அல்ஜீப்ரா சொல்லிக் குடுக்குறவன் மனுசனே இல்ல" என்பார். கடைசிப் பீரியடில் ஓவியம், பாட்டு, விளையாட்டு. நீங்கள் இப்போது மாற்றிவிட்டீர்களாம். மறுபடி யோசியுங்கள்.

நான் சொல்ல வந்தது பாண்டிச்செல்வியைப் பற்றி. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. முதல் மாணவியும் இல்லை, கடைசியும் இல்லை. அறிவியலில் மட்டும் கேள்வி கேட்டுக் கேட்டு ஆசிரியரின் உயிரை எடுப்பாள். அவளுடைய அம்மா ஈஸ்வரி மலைக்குப் போகிறவர். அப்பா பெருமாள் ஏலக்காய்க் கடையில் லோடு ஏற்றுகிறவர். சரக்குப் போகிற நாளில் அவருக்கு வேலை இருக்கும், மற்ற நாளில் டீக்கடை.

காய் எடுப்பு உச்சத்தில் இருந்த சமயம் ஈஸ்வரி சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். மறுநாளிலிருந்து பாண்டிச்செல்வி பள்ளிக்கு வரவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. எழுதி வைத்தது கிடையாது, ஆனால் அது அவளுடைய இடம். அவளுக்கு முடியாமல் போனால் அவள் வீட்டிலிருந்து ஒரு பெண் அதில் உட்கார வேண்டும். இடம் காலியாக இருந்தால் மேலே சூப்பர்வைசர் வேறு ஊர் ஆளைப் பிடித்துக்கொள்வார், ஜீப்பும் வேறு ஆளை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை. அதனால் அம்மா விழுந்தால் மகள் ஏறுவாள். நம் பள்ளியில் பல பெண் பிள்ளைகளின் படிப்பு அப்படித்தான் நின்றது. முதலில் ஒரு வாரம் என்பார்கள், பிறகு பருவம் முடியட்டும் என்பார்கள், அதற்குள் பொதுத்தேர்வு கைவிட்டுப் போகும். பத்தாவது எழுதாத பெண்ணுக்கு அடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அவளுடைய அறிவியல் ஆசிரியர் தினேஷ், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்த புதிது. உங்களைப் போலத்தான், ரத்தம் சூடு. பாண்டிச்செல்வி மலைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் குழந்தைகளுக்கான உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் வந்து மலையடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி, அவளைக் கீழே இறக்கி, டிரைவரை விசாரித்தார்கள். ஜீப்பில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அன்றைய வேலை போனது.

அன்று சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்துக்கு அந்தப் பெண்கள் நம் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் கருப்பாயி. அந்த ஜீப்புக்கு ஆள் சேர்ப்பது அவர்தான். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"எங்க அந்தச் சாரு? வெளிய வரச் சொல்லுங்க! நாங்க என்ன பிள்ள பிடிக்கிற கூட்டமா, போலீசக் கூப்பிட?"

பின்னாலிருந்து இன்னொரு குரல். "ஒங்க சோலி பாடம் நடத்துறது. எங்க சோலில எதுக்கு வாறீக?"

ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வெளியே வைத்தபடி ஈஸ்வரி உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "டீச்சர், எம்மகளுக்கு டீசியக் குடுத்துருங்க. பேரு இருந்தாத்தான தேடி வருவாக? பேர எடுத்துட்டா எங்கள விட்ருவாகல்ல?" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார்.

என் பக்கத்திலிருந்த மூத்த ஆசிரியர்கள் காதோடு காதாகச் சொன்னார்கள்: தினேஷை வெளியே அழைத்து ஒரு மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், கூட்டம் கலைந்துவிடும். சுலபமான வழிதான். நான் செய்யவில்லை. அந்தப் பிள்ளை மலையில் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தது சரி. சரியான காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு இன்னொரு பிள்ளைக்காக யார் வாயைத் திறப்பார்கள்? அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: பிள்ளையை இறக்கிவிட்டால் அந்த இடத்தில் யார் உட்காருவது? அதற்கு வழி சொல்லாமல் நாம் எவ்வளவு நியாயம் பேசினாலும் ஈஸ்வரியின் வீட்டில் அடுப்பு எரியாது.

"டீசி தர மாட்டேன் ஈஸ்வரி" என்றேன். "கருப்பாயிக்கா, நாளைக்கு விடியக்காலம் ஜீப்பு ஸ்டாண்டுக்கு நான் வர்றேன். அந்த எடத்துக்கு என்ன வழின்னு அங்க வச்சுப் பேசுவோம். இப்ப எல்லாரும் வீட்டுக்குப் போங்க, பிள்ளைங்க பசியோட நிக்குது."

"வந்து என்ன செய்யப் போறீக?" என்றார் கருப்பாயி.

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அந்த முகம் ஒன்று வேண்டும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கையில் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி தன் அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். தோள் தொங்கிப்போய், கை முழுக்க மறைந்து, அதற்குள் இருப்பது என் மாணவிதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவளைக் கொண்டுவந்து விட்ட பெருமாள் எதிர்த்த டீக்கடையில் கிளாஸோடு நின்றார்.

"சொல்லுங்க டீச்சர், யாரு ஏறுறது?" என்றார் கருப்பாயி.

ஆள் தேடினோம். ஈஸ்வரியின் நாத்தனார் திருப்பூரில். தங்கச்சிக்குக் கைக்குழந்தை. ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் வரத் தயார், ஆனால் ஏறினால் அந்த இடம் அவளுக்கே சொந்தம் என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூட்டுவலி. ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. டிரைவர் ஹாரன் அடித்தார். "வெரசா முடிங்கத்தா, செக்போஸ்ட்ல கூட்டமாயிரும்!"

அப்போது பாண்டிச்செல்வி சொன்னாள், "எங்கப்பா வரட்டுமே டீச்சர்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஜீப்பே குலுங்கச் சிரித்தார்கள். ஏனென்றால் இங்கே ஆண்கள் மலைக்குப் போவார்கள், மருந்தடிப்பார்கள், குழி வெட்டுவார்கள், மூட்டை தூக்குவார்கள். காய் மட்டும் எடுக்க மாட்டார்கள். அது பொம்பளை வேலை. அந்தக் காலையில் நாங்கள் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு ஆள் தேடியபோது, பத்தடி தூரத்தில் சும்மா நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. படித்த எனக்கும்தான்.

பெருமாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், என்ன பேசுற நீ? காயெடுக்க நான் போறதா? நாலு பேரு பாத்தாச் சிரிக்க மாட்டான்?"

"அவருக்கு எது வெளஞ்ச காயி, எது பிஞ்சுன்னு தெரியுமா?" என்றார் கருப்பாயி. "காய் தொங்குற சரத்தையே ஒடச்சுப்புடுவாரு."

"உங்க மகளுக்குத் தெரிஞ்சா ஏறுனா? போய்த்தான கத்துக்கிட்டா?" என்று பெருமாளைக் கேட்டேன். "தம்பி, இன்னைக்கு உங்களுக்குக் கடையில லோடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஏறுங்க."

"அதெல்லாம் நடக்காது டீச்சர்" என்று திரும்பிக்கொண்டார். பாண்டிச்செல்வி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் கால் வைத்தாள்.

அந்த நிமிஷத்தில் நான் செய்ததை எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். என் கைப்பையை உள்ளே போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"டீச்சர், என்ன இது? எறங்குங்க!" என்றார் டிரைவர்.

"வண்டிய எடு அப்பு. எடம் காலியா இருக்கக் கூடாதுன்னுதான சொன்னீக? இப்பக் காலியா இல்ல. செல்வி, நீ வீட்டுக்குப் போயி யூனிபார்மப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போ. முதப் பீரியடு அறிவியல்."

டிரைவர் கருப்பாயியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்ட, வண்டி கிளம்பியது. உதவித் தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, காலைக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். மலைக்குப் போகிறேன் என்றேன். அரைநாள் விடுப்பும் எழுதிக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வளைவுகளில் எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. கருப்பாயி தன் இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, மோந்துகொள்ளச் சொன்னார். "டீச்சர், நெசமாவே காயெடுக்கப் போறீகளா?"

"தெரியலக்கா. ஏறிட்டேன். இனி எறங்குனா மானம் போயிரும்."

அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் முந்தின நாள் கோபம் கொஞ்சம் கரைந்திருக்க வேண்டும். என் தோளில் இடித்து உட்கார இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார்.

போடிமெட்டில் டீக்காக வண்டி நின்றது. ஒரே பனி. மலையாளிக் கடைக்காரர், "டீச்சரே, சாயா எடுக்கட்டே?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு மொபெட் திணறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பெருமாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஹேண்டில்பாரில் மகளின் தூக்குவாளி தொங்கியது, தோளில் காய் போடுகிற சாக்குப் பை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எறங்குங்க டீச்சர். ஊரே சிரிக்குது. எங்க வீட்டு எடத்துல நீங்க உக்காரக் கூடாது."

"நீங்க உக்காருவீகளா தம்பி?"

"அதுக்குத்தான வந்துருக்கேன்."

நான் இறங்கினேன். அவர் ஏறினார். உள்ளே ஒருத்தி, "வாங்க கொழுந்தனாரே, சேலைக்கு மேச் சட்டையா, சட்டைக்கு மேச் சேலையா?" என்று ஆரம்பிக்க, கருப்பாயி ஓர் அதட்டல் போட்டார். "வாய மூடுங்கடி. சூப்பர்வைசர்ட்ட நான் பேசிக்கிறேன். பெருமாளு, இன்னைக்கு நான் எடுக்குற செடிக்குப் பக்கத்துச் செடி ஒனக்கு. நான் தொடுறதத்தான் நீ தொடணும்." ஜீப்பு பனிக்குள் போனது. நான் பஸ் பிடித்துக் கீழே வந்தேன்.

பள்ளிக்கு வந்ததும் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் போனேன். பாண்டிச்செல்வி யூனிபார்மில் உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "ஏறிட்டாரா டீச்சர்?" என்று அவள் மட்டும் கேட்டாள். "ஏறிட்டாரு" என்றேன். குனிந்து நோட்டைத் திறந்துகொண்டாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் பொதுத்தேர்வு எழுதினாள், தேறினாள், இப்போது தேனியில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடிக்கப் போகிறாள். அந்த வருஷத்திலிருந்து பெற்றோர் கூட்டத்தை ஜீப்பு ஸ்டாண்டில் சாயங்காலம் நடத்தினேன், நின்றுகொண்டேதான். தினேஷ் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். முதல் தடவை கருப்பாயி அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அவர் தலை குனியாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவரைத் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்களும் அங்கே போய் நில்லுங்கள். பெற்றோருக்கு அக்கறை உண்டா இல்லையா என்பதை அப்புறம் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, பெருமாள் மலைக்குப் போன அன்று சாயங்காலத்தை. தினேஷும் நானும் ஸ்டாண்டில் நின்றோம். பாண்டிச்செல்வியும் பள்ளிப் பையோடு வந்திருந்தாள். அப்பா ஒரு நாளோடு சரி என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் மூன்று பேருக்கும் இருந்தது. ஒரு நாள் போதாது. ஈஸ்வரியின் கால் கூட இன்னும் பல வாரம் ஆகும்.

ஜீப்பு வந்தது. பெண்கள் இறங்கினார்கள். கடைசியாகப் பெருமாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. இடுப்பு நிமிரவில்லை. விரல்கள் காய்க் கறையில் கறுத்திருந்தன. மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே இரண்டு காலிலும் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் ஓடிக் காய்ந்திருந்தது. பெண்கள் கிண்டல் செய்தார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மகளிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தார். யூனிபார்ம் பேண்டின் விளிம்புக்குக் கீழே அவள் கணுக்காலைச் சுற்றி, ஆறியும் ஆறாமலும், அதே கடிகள்.

அந்த இடுப்போடு சிரமப்பட்டுக் குனிந்தார். "இதெல்லாம் அட்டையா ஆத்தா?"

"ஆமாப்பா."

"ஏன் எங்கிட்டச் சொல்லவேயில்ல?"

அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் என்ற மாதிரிதான் சொன்னாள்.

"நீங்க கேக்கலயேப்பா."

டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பெருமாள் நிமிர்ந்து, ஸ்டாண்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"அப்பு, நாளைக்கும் எனக்கு எடம் வச்சிரு."